1937-ல் மதுவிலக்கு, இன்று மஞ்சள் காமாலை: சேலமும் நாமக்கல்லும் பேச மறந்த கல்லீரல் கணக்கு

தமிழ்நாட்டில் மதுக்கடை பற்றிய பேச்சு எப்போது கிளம்பினாலும் சேலம் என்ற பெயர் கூடவே வந்துவிடும். 1937 அக்டோபர் 1-ம் தேதி, சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி முழு மதுவிலக்கை முதன்முதலில் அமல்படுத்திப் பார்த்தது சேலம் மாவட்டத்தில்தான். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. அதற்கும் முன்பே, 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார் ராஜாஜி. அதில் உடனிருந்து வேலை பார்த்தவர் கல்கி. 2015 ஜூலை 31 அன்று மார்த்தாண்டம் அருகே செல்போன் கோபுரத்தில் ஏறி, மதுக்கடையை அகற்றக் கோரிப் போராடியபோது உயிரிழந்த காந்தியவாதி சசிபெருமாளும் சேலம் மாவட்டம் இளம்பிள்ளை பக்கத்துக்காரர்.

ஏறக்குறைய 90 வருஷமாக இந்த மண்ணில் மதுவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் பேச்சு முழுக்க கடையைச் சுற்றித்தான். கடை இருக்கணுமா, வேண்டாமா? எத்தனை மணிக்குத் திறக்கணும்? பள்ளிக்கூடத்தில் இருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கணும்? வருமானம் போனால் எங்கிருந்து ஈடுகட்டுவது? இந்தக் கடைசிக் கேள்விக்கு ராஜாஜி கண்டுபிடித்த பதில்தான் 1939-ல் வந்த விற்பனை வரி. குடிப்பவரின் உடம்பு, அதிலும் அவருடைய கல்லீரல், இந்த விவாதத்துக்குள் வந்ததே இல்லை என்று சொல்லலாம். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, அரசு மருத்துவமனை வார்டில் படுத்த பிறகுதான் அது பேச்சுக்கு வருகிறது. அப்போது பேசி என்ன பயன்?

ஒரு குவார்ட்டரில் எவ்வளவு இருக்கிறது?

"அளவாத்தாங்க குடிக்கிறேன், ஒரு குவார்ட்டர்தான்" என்று சொல்பவர்களை சங்ககிரி லாரிப் பட்டறையிலும் பார்க்கலாம், குமாரபாளையம் தறிக்கூடத்திலும் பார்க்கலாம். அந்த அளவை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டில் லேபிளில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதாவது அதற்குள் இருக்கும் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. எடையில் சொன்னால் சுமார் 61 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமும் அதற்கு மேலும் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் 'மிதமிஞ்சிய குடி' என்ற கணக்கில் வைக்கிறது. நம்ம ஊரில் 'அளவு' என்று சொல்லப்படுவது அங்கே எல்லையைத் தாண்டிவிட்ட அளவு.

சராசரி கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் உடைக்கும். ராத்திரி 10 மணிக்குக் குடித்த குவார்ட்டரை முடிக்க அதற்கு விடியற்காலை 4 மணி வரையாவது, சிலருக்கு 6, 7 மணி வரைகூட வேலை இருக்கும். நாலு மணிக்கு எழுந்து முட்டை லோடோ கல் லோடோ ஏற்றிக்கொண்டு கிளம்புகிற டிரைவரின் ரத்தத்தில் முந்தைய ராத்திரி இன்னும் பாக்கி இருக்கலாம். மோர் குடித்தாலும் எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தாலும் குளித்தாலும் இந்த வேகம் கூடாது.

தினம் ஒரு குவார்ட்டர் என்று 20 வருஷம் குடித்தவரின் கல்லீரல் வழியாகப் போயிருக்கும் சுத்த ஆல்கஹால் சுமார் 445 கிலோ. கிட்டத்தட்ட நாலரை குவிண்டால்.

வலிக்காத உறுப்பு

கல்லீரல் ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. இது ஆல்கஹாலைவிட மோசமான நஞ்சு. பிறகு அதையும் உடைத்து வெளியே தள்ளுகிறது. தினமும் இதே வேலையாக இருக்கும்போது கொழுப்பை எரிக்கும் வேலை பின்தங்கிவிடும். கொழுப்பு அங்கேயே தேங்கும். அதிகமாகக் குடிப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே இந்தக் 'கொழுப்பு ஈரல்' நிலை வந்துவிடுகிறது. வலி இருக்காது. பசி குறையாது. கல்லீரலின் உள்பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லை என்பதால், கெட்டுக்கொண்டிருப்பதை அது சொல்லவும் செய்யாது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' என்று ஒரு வரி வரும். "அது எல்லாருக்கும் இருக்குங்க" என்று சொல்லி ஃபைலை மூடி பீரோவில் வைத்துவிடுவார்கள்.

ஆனால் முழுசாகத் திரும்பி வரக்கூடிய கட்டம் இதுதான். இந்த நேரத்தில் குடியை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு நாலு முதல் ஆறு வாரத்தில் கொழுப்பு கரைந்துவிடும். மாத்திரைகூடத் தேவைப்படாது.

நிறுத்தாதவர்களில் ஒரு பகுதியினருக்கு அடுத்து அழற்சி வருகிறது. கண் மஞ்சள், காய்ச்சல், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். கடுமையான வகையாக இருந்தால், சிகிச்சை கொடுத்தும் மூன்றில் ஒருவர் வரை மூன்று மாதத்துக்குள் இறந்துபோகிறார்கள். இன்னொரு பக்கம், வருஷக்கணக்கில் காயமும் தழும்பும் மாறி மாறி ஏற்பட்டு, பஞ்சு போல இருந்த உறுப்பு இறுகி முடிச்சு முடிச்சாகிவிடும். இதுதான் சிரோசிஸ். தொடர்ந்து அதிகமாகக் குடிப்பவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு இது வருகிறது. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. "எங்க பெரியப்பா எண்பது வயசு வரைக்கும் குடிச்சாரு" என்ற கதை ஒவ்வொரு ஊரிலும் இருப்பது இதனால்தான். அந்தப் பெரியப்பாவோடு சேர்ந்து உட்கார்ந்து குடித்தவர்களில் எத்தனை பேர் நாற்பத்தைந்தில் போனார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

சிரோசிஸ் வந்த வீட்டில் நடப்பது என்ன? குடலில் இருந்து கல்லீரலுக்கு வரும் ரத்தம் இறுகிய உறுப்பைத் தாண்ட முடியாமல் பின்னால் தேங்குகிறது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. கை கால் குச்சியாக, வயிறு மட்டும் பானையாக. உணவுக்குழாயின் அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் புடைத்து, ஒருநாள் வெடிக்கின்றன. ரத்த வாந்தி எடுத்தவரை "அல்சராத்தான் இருக்கும்" என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் படுக்கவைத்த வீடுகளும் உண்டு. அது ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாத அவசரம்.

இன்னொன்று, குடும்பங்கள் அதிகம் ஏமாந்துபோவது. கல்லீரல் வடிகட்டாமல் விட்ட அமோனியா போன்ற கழிவுகள் மூளையைத் தாக்கும்போது பகலில் தூக்கம், ராத்திரி முழிப்பு, கை நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு எல்லாம் வரும். வீட்டில் இருப்பவர்கள் "மறுபடியும் குடிச்சிட்டு வந்துட்டான்" என்று திட்டுவார்கள். அவர் நிறுத்திப் பத்து நாள் ஆகியிருக்கும்.

கல்லீரலோடு இது நிற்பதும் இல்லை. கணைய அழற்சி, தளர்ந்துபோகும் இதயத் தசை, பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போதலும், வாயிலும் உணவுக்குழாயிலும் கல்லீரலிலும் புற்றுநோய் என்று நீள்கிறது. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது 1988-ல்.

முட்டை, கீழாநெல்லி, உடம்பு வலி

நாட்டுக்கே முட்டை அனுப்புகிற நாமக்கல்லில், "சைட் டிஷ் நல்லா சாப்பிட்டா ஈரலுக்கு ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கை இருப்பதில் ஆச்சரியம் இல்லை. நாலு ஆம்லெட், கொஞ்சம் சிக்கன் சாப்பிட்டால் போதை ஏறுவது மெதுவாகும். அவ்வளவுதான். கல்லீரலுக்கு வந்து சேரும் 61 கிராமில் கணிசமாக எதுவும் குறையாது. சாப்பிடாமல் குடிப்பவரைவிட சாப்பிட்டுவிட்டுக் குடிப்பவருக்கு உடம்பு தேறியிருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது கல்லீரலுக்குக் கவசம் இல்லை.

கீழாநெல்லி விஷயம் இன்னும் சிக்கலானது. மஞ்சள் காமாலை என்றதும் மூன்று நாள் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுப்பது இந்தப் பகுதியில் பல தலைமுறைப் பழக்கம். கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அதனால் கீழாநெல்லி கொடுத்தவர்களுக்கெல்லாம் குணமானது போலவே தெரியும், நம்பிக்கையும் வளரும். அதே நம்பிக்கையோடு பதினைந்து வருஷம் குடித்தவரின் காமாலைக்கும் அதையே கொடுத்து, பத்தியம் பார்த்து, இரண்டு மூன்று வாரம் வீட்டில் வைத்திருந்து பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறார்கள். இரண்டும் ஒரே மஞ்சள் நிறம்தான், நோய் வேறு. பெரியவர்களுக்குக் காமாலை வந்தால், அதிலும் குடிப்பழக்கம் உள்ளவருக்கு வந்தால், அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

இனி உடம்பு வலி. இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் இந்தச் சமவெளியில் குடிக்குச் சொல்லப்படும் முதல் காரணம் கொண்டாட்டம் இல்லை, வலி. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே தறி ஓட்டுபவர், திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வெளிமாநிலத்துக்குப் போய் மாதக்கணக்கில் போர் போடுபவர், லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வைப்பவர், கிழங்கு மில்லில் மூட்டை தூக்குபவர் என எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சாயங்காலம் ஒரு கட்டிங் போடலைன்னா மறுநாள் எந்திரிக்க முடியாதுங்க." இதைச் சாக்கு என்று தள்ளிவிடுவது எளிது. அந்த வலி பொய் இல்லை. ஆனால் அதே வலிக்குப் பகலில் மாத்திரையும் ராத்திரி மதுவும் என்று போகும்போது ஆபத்து இரட்டிப்பாகிறது. தினமும் அதிகமாகக் குடிப்பவருக்குப் பாராசிட்டமாலே அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள், ஏற்கெனவே சிரோசிஸ் இருப்பவருக்கு ரத்தக் கசிவையும் சிறுநீரகச் செயலிழப்பையும் கொண்டுவரலாம். பெட்டிக்கடையிலேயே வலி மாத்திரை கிடைக்கிற ஊரில் இதை யார் எடுத்துச் சொல்வது?

கள்ளக்குறிச்சிக்குக் கிடைத்த கவனம்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலர் கொண்டுவரப்பட்டது சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான். கேமராக்கள் வந்தன, அமைச்சர்கள் வந்தார்கள், இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது, மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு தண்டனை கடுமையாக்கப்பட்டது. வேண்டியதுதான்.

ஆனால் பெரிய அரசு மருத்துவமனை எதுவானாலும், அதன் மருத்துவ வார்டுகளில் வருஷம் முழுக்க வயிற்றில் நீர் கோத்துப் படுத்திருப்பவர்கள் குடித்தது கள்ளச்சாராயம் இல்லை. ரசீதோடு விற்கப்பட்ட, வரி கட்டப்பட்ட சரக்கு. டாஸ்மாக் சில்லறை விற்பனையை 2003 நவம்பரில் கையில் எடுத்தது. 2003-04-ல் சுமார் 3,639 கோடி ரூபாயாக இருந்த அரசின் மது வருவாய் 2023-24-ல் 45,855 கோடி. காலி பாட்டிலை 10 ரூபாய்க்குத் திரும்ப வாங்க, உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, ஒரு ஏற்பாடே நடக்கிறது. பாட்டில் யார் கையில் போய், எப்போது திரும்பி வருகிறது என்பது வரைக்கும் கணக்கு வைக்க முடிகிறது. வாங்கியவரின் கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஒரு ஏற்பாடும் இல்லை.

கடையை மூடினால் போதாதா என்று கேட்கலாம். மூடினால் பலன் உண்டு என்பதற்கு வலுவான ஆதாரமே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பாரிஸ் நகரில் ஒயினுக்கு ரேஷன் வைத்தார்கள். 1941-ல் லட்சம் பேருக்கு 35 என்று இருந்த சிரோசிஸ் சாவுகள் சில வருஷங்களில் 6-க்கு இறங்கின. ரேஷன் போனதும் மறுபடி ஏறின. சிரோசிஸ் ஒரே நாளில் வருவதில்லை. எனவே அன்று பிழைத்தவர்களில் பலருக்குக் கல்லீரல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்திருக்கும். அந்த நிலையிலும் மது நின்றதும் உயிர் தப்பியது. 'இனிமே நிறுத்தி என்ன ஆகப்போகுது' என்ற விரக்திக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

ஆனால் தமிழ்நாட்டில் 1937-ல் வந்த தடை போர்க்காலத்தில் தளர்ந்தது, 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது, 1971-ல் தளர்த்தப்பட்டது, மறுபடி வந்தது, மறுபடி போனது. கட்சிகள் மாறி மாறி 500, 500 கடைகளாக மூடியதையும் மக்கள் பார்த்துவிட்டார்கள். அடுத்த மதுவிலக்கு வரும் வரை, இப்போது முப்பத்தெட்டு வயதில் கொழுப்பு ஈரலோடு தறி ஓட்டிக்கொண்டிருப்பவரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

சர்க்கரைக்கு வீடு தேடி வருகிறார்கள், ஈரலுக்கு?

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட இடம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி. 1937 கணக்குப்படி அதுவும் சேலம் மாவட்டம்தான். வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் திட்டம் அது. அதே ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு, மது அல்லாத காரணத்தால் வரும் கொழுப்பு ஈரலைத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்தது. குடிக்காதவரின் கொழுப்பு ஈரல் அரசுத் திட்டத்தில் வந்துவிட்டது. குடிப்பவரின் கொழுப்பு ஈரல் எங்கே வரும்?

தேவைப்படுவது பெரிய இயந்திரம் இல்லை. வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை இந்த நான்கை வைத்தே கல்லீரலில் தழும்பு இருக்க வாய்ப்பு உண்டா என்று மதிப்பிடும் எளிய கணக்கு உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி. அளவு மற்றதைவிட இரண்டு மடங்கு இருந்தால் காரணம் மதுவாக இருக்கலாம் என்பது மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரியும். குடிப்பழக்கத்தின் தீவிரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்ட, குடிக்கிற ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய மது வருவாயில் ஒரு துளி போதும்.

இதில் ஒரு நியாயமான சங்கடம் உண்டு. வீடு தேடி வருவது பெண் தன்னார்வலர். மனைவியும் மாமியாரும் நிற்கும்போது "எவ்வளவு குடிக்கிறீங்கண்ணா?" என்று அவர் எப்படிக் கேட்பார்? கேட்டாலும் உண்மை வருமா? பகலில் அந்த ஆள் வீட்டிலேயே இருக்க மாட்டார் என்பது வேறு. அதனால் வீட்டைவிட வேலை இடம் பொருத்தமானது. தொழிலகங்களுக்குப் போய்ச் சர்க்கரை, பி.பி. பார்க்கும் திட்டம் 2024-ல் தொடங்கியிருக்கிறது. அந்தச் சீட்டில் இரண்டு வரி சேர்த்தால் பள்ளிபாளையத்துத் தறிக்கூடங்களும் நாமக்கல் லாரி ஷெட்டுகளும் அதற்குள் வந்துவிடும். முதலாளிக்கு முடிவு தெரியக்கூடாது என்ற உறுதியும் வேண்டும், இல்லாவிட்டால் யாரும் ரத்தம் கொடுக்க மாட்டார்கள்.

"குடிச்சுக் கெட்டவனுக்கு எங்க வரிப்பணமா?" என்று கமெண்ட் போடுபவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் நோய் முற்றிய பிறகு ஆகும் செலவு எந்த வீட்டின் தலையில் விழுகிறது? நகை அடகு, வட்டிக்குக் கடன், கடைசியில் மாற்றுக் கல்லீரல். இந்தியாவில் உயிரோடு இருக்கும்போதே உறுப்பு தானம் கொடுப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள், பெற்றுக்கொள்பவர்களில் பெரும்பான்மை ஆண்கள். குடிக்காத மனைவியின் கல்லீரலை வெட்டி, குடித்த கணவனுக்கு வைக்கும் நிலைக்குப் போகும் முன், சில நூறு ரூபாய் ரத்தப் பரிசோதனை ஒன்றும் பெரிய செலவு இல்லை.

வீட்டில் இப்போதே கவனிக்க வேண்டியது

பல வருஷம் தினமும் குடித்தவர் சபதம் எடுத்து ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்துவது ஆபத்து. நிறுத்திய ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, இல்லாதது தெரிவது, குழப்பம் என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். ஐயப்பனுக்கு மாலை போட்ட முதல் வாரத்தில் இப்படி ஆகி ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் உண்டு. மருத்துவர் மேற்பார்வையில் மருந்தும் வைட்டமின் பி1-ம் கொடுத்து நிறுத்த வைப்பதுதான் பாதுகாப்பு.

சுவரிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டியிருக்கும் "அவருக்குத் தெரியாமலே குடியை மறக்க வைக்கலாம்" விளம்பரத்தை நம்பிச் சாப்பாட்டில் எதையும் கலந்து கொடுக்கக் கூடாது. அதில் டைசல்ஃபிராம் இருந்து, அவர் வெளியே குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து விழலாம். அந்த மருந்தே சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும்.

சேலம் அரசு மருத்துவமனையிலும், 2022-ல் தொடங்கிய நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பொது மருத்துவப் பிரிவு, மனநலப் பிரிவு இரண்டையும் அணுகலாம். வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால் முதலில் போன் செய்யலாம்: தமிழக அரசின் 104, மனநல உதவிக்கு 14416, போதை மீட்புக்கு 14446. மருத்துவரிடம் போகும்போது பழைய ஸ்கேன் ஃபைலைக் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். "எப்பவாவது குடிப்பாருங்க" என்று மறைக்காமல், எத்தனை வருஷமாக, ஒரு நாளைக்கு எத்தனை மில்லி என்று சொன்னால் அவர் என்ன பரிசோதனை எழுதுவது என்பது அங்கேயே முடிவாகிவிடும்.